லக்கேஜ், மசாஜ், மைலேஜ்: ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பிய மொழிகளுக்குள் போவது எப்படி

லக்கேஜ், மெசேஜ், வேஸ்டேஜ், டேமேஜ், பேக்கேஜ், மைலேஜ், மசாஜ், கராஜ். தமிழ் பேசும் வீடுகளில் தினமும் புழங்கும் இந்தச் சொற்களின் வால் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் ஏ, ஜி, ஈ. இந்த வாலுக்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. லிஸ்பனிலிருந்து மாஸ்கோ வரை ஏறத்தாழ எல்லா மொழியிலும் அது வேறு வேறு உடையில் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம் என எதைப் படிக்கத் தொடங்கினாலும், இந்த ஒரு விகுதியைச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நூற்றுக்கணக்கான சொற்களின் இலக்கணப் பாலும் (அந்த மொழிகளில் பலவற்றில் உயிரற்ற பொருளின் பெயருக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு) எழுத்துக்கூட்டலும் மனப்பாடம் இல்லாமலே கைக்கு வரும்.

முதலில் எழுத்து பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'ஜ்' என்ற ஒரே எழுத்தால் இங்கே இரண்டு ஒலிகளைக் குறிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று 'ஜாடி'யில் உள்ள வன்மையான ஜகரம். மற்றது பிரெஞ்சுக்காரர்களின் மென்மையான ஒலி: 'ஷ்' என்று சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வருவது. வேறுபாடு முக்கியமாகிற இடங்களில் 'வல்லொலி', 'மெல்லொலி' என்று பிரித்துச் சொல்கிறோம்.

எங்கிருந்து வந்தது

லத்தீனில் 'ஆத்திகுஸ்' என்றொரு பெயரடை விகுதி இருந்தது. 'சில்வா' என்றால் காடு. 'சில்வாத்திகுஸ்' என்றால் காட்டைச் சார்ந்த. 'வியா' என்றால் வழி. 'வியாத்திகும்' என்றால் வழிக்கானது, அதாவது கட்டுச்சோறு, வழிச்செலவுப் பணம். பெயரடையாகத் தொடங்கிய இது, ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால் வடிவத்தில் ('ஆத்திகும்') தனித்து நின்று பெயர்ச்சொல்லாகிவிட்டது. ஏதோ ஒன்றைச் சார்ந்தது, ஏதோ ஒன்றுக்கு உரியது என்ற பொருள்தான் அதன் விதை. பிற்காலத்தில் கிளைத்த வரி, கட்டணம், தொகுப்பு, செயல், இடம் ஆகிய பொருள்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

பேச்சு லத்தீன் வட பிரான்சில் தேய்ந்தபோது, இரண்டு உயிருக்கு நடுவே இருந்த தகரம் மென்மையாகி 'அதிகு' போல ஆனது. அடுத்து நடுவிலிருந்த 'இ' மெலிய, மெய்கள் ஒன்றோடொன்று நெருங்கி, கடைசியில் வல்லொலி ஜகரமாக இறுகின. பழைய பிரெஞ்சு எழுத்தில் ஏ-ஜி-ஈ வந்தது இப்படித்தான். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சில் அந்த வல்லொலி தளர்ந்து இன்றைய மெல்லொலி ஆனது. இந்த ஒரு மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆங்கிலம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பாலாடைக்கட்டிக்கு லத்தீனில் 'காசெயுஸ்'. அச்சில் வார்த்து எடுத்ததைக் குறிக்க, 'ஃபோர்மா' என்ற அச்சின் பெயரோடு விகுதியைச் சேர்த்து 'ஃபோர்மாத்திகும்' என்றார்கள். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரைஷெனாவ் சொற்பட்டியல், மக்களுக்குப் புரியாமல் போய்க்கொண்டிருந்த பழைய லத்தீன் சொற்களுக்குப் புழக்கத்திலிருந்த சொல்லைப் பொருளாகத் தருவது. அதில் 'காசெயும்' என்பதற்கு எதிரே 'ஃபோர்மாத்திகும்' என்று எழுதியிருக்கிறது. இத்தாலிய ஃபொர்மாஜ்ஜோ, வடகிழக்கு ஸ்பெயினில் பேசப்படும் காத்தலான் மொழியின் ஃபுர்மாட்ஜ, பிரெஞ்சு ஃப்ரொமாஜ் எல்லாம் அதன் பிள்ளைகள். பிரெஞ்சில் மட்டும் ரகரமும் ஒகரமும் இடம் மாறிக்கொண்டன. ஸ்பானியரும் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் பழைய 'காசெயுஸ்' வழியிலேயே நின்றுவிட்டதால் அவர்களிடம் கேஸோ, கேஸெ, சீஸ்.

முதல் வேலை: வெட்டிப் பாருங்கள்

ஒரு சொல் இந்த வாலில் முடிந்தால் வாலை வெட்டுங்கள். மிச்சம் ஒரு பொருளுள்ள பகுதியா என்று பாருங்கள். பிரெஞ்சில் 'லவாஜ்' (கழுவுதல்): வெட்டினால் 'லவே' என்ற வினையின் வேர் கிடைக்கிறது. 'பேய்ஸாஜ்' (நிலக்காட்சி): 'பேயி' என்ற நாடு. 'நுவாஜ்' (மேகம்): 'நு' என்ற பழைய மேகப் பெயர். இவை உண்மையான விகுதிச் சொற்கள். பிரெஞ்சில் எல்லாமே ஆண்பால்.

இப்போது 'காஜ்' (கூண்டு), 'பாஜ்' (பக்கம்), 'ப்ளாஜ்' (கடற்கரை), 'ராஜ்' (வெறி), 'நாஜ்' (நீச்சல்), 'இமாஜ்' (படம்). வெட்டினால் ஒற்றை எழுத்தும் உடைந்த துண்டும்தான் மிஞ்சும். காரணம், இவற்றில் இருப்பது விகுதியே அல்ல. காஜ் 'கவெயா'விலிருந்தும், பாஜ் 'பாகினா'விலிருந்தும், இமாஜ் 'இமாகினெம்' என்பதிலிருந்தும், ராஜ் வெறிநோயைக் குறிக்கும் 'ராபியெஸ்' என்பதிலிருந்தும் வந்தவை. நாஜ் என்பது நீந்து என்ற வினை அப்படியே பெயரானது. இந்த ஆறும் பெண்பால். 'ஆஜ் என்று முடிந்தால் ஆண்பால், ஆறு விதிவிலக்கு' என்று வகுப்பில் எழுதிப் போடுவார்கள். விதிவிலக்கு என்பதைவிட, வேறு குடும்பத்தார் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதே சரி.

இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு அல்ல. 'காஜ்' போலவே ஒலிக்கும், ஆனால் 'க'வைச் சற்று அதிரச் சொல்லும், அடகைக் குறிக்கும் சொல்லையும், 'ஸாஜ்' (ஞானி) என்பதையும் வெட்ட முடியாது, ஆனாலும் ஆண்பால். அரசவைப் பணிச் சிறுவனைக் குறிக்கும் 'பாஜ்' ஆண்பால், புத்தகப் பக்கத்தைக் குறிக்கும் 'பாஜ்' பெண்பால். ஆகவே வெட்ட முடிந்தால் ஆண்பால் உறுதி. வெட்ட முடியாவிட்டால் அகராதியைத் திறங்கள்.

வெட்டும்போது ஏமாற்றும் சொற்கள் ஆங்கிலத்திலும் உண்டு. 'அவுட்ரேஜ்' என்பதை 'அவுட்', 'ரேஜ்' என்று பிரிக்கத் தோன்றும். கோபமும் இல்லை, வெளியேயும் இல்லை: பிரெஞ்சில் 'அப்பால்' என்ற பொருளுள்ள 'ஊத்ர்' என்ற சொல்லோடு விகுதி சேர்ந்தது அது. எல்லை மீறியது என்று பொருள். முட்டைக்கோஸைக் குறிக்கும் 'கேபேஜ்' தலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தும், 'சாசேஜ்' உப்பிட்ட இறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்தும் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக இந்த வாலை ஒட்டிக்கொண்டவை. 'காலேஜ்' எழுத்திலேயே வேறு.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது வயதைக் குறிக்கும் 'ஏஜ்'. அதுவும் விகுதிச் சொல்தான். லத்தீன் 'ஐத்தாஸ்' (வயது) என்ற சொல்லோடு 'ஆத்திகும்' சேர்ந்தது. நூற்றாண்டுகளில் பகுதி தேய்ந்து தேய்ந்து ஓர் உயிரொலியாகி, அதுவும் விகுதியின் அகரத்தோடு கலந்து மறைந்துவிட்டது. இன்றைய பிரெஞ்சில் அந்த அகரத்தின் தலையில் இருக்கும் கூரைக்குறிதான் பகுதி இருந்ததற்கு மிச்சமிருக்கும் அடையாளம். வாழ்வது விகுதி மட்டும்.

இரண்டாவது வேலை: எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள்

லத்தீனின் மகள் மொழிகள் எல்லாவற்றிலும் இந்த விகுதி இருப்பதால், எல்லாம் நேரடிச் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஜகர வடிவம் பிரான்சில் விளைந்தது. காத்தலானிலும் 'ஆட்ஜ' என்று இயல்பாகவே விளைந்தது. மற்றவர்கள் பெரும்பாலும் பிரான்சின் வட, தென் மொழிகளிலிருந்து இரவல் வாங்கினார்கள். அவரவர் வீட்டில் வளர்ந்த வடிவம் வேறு.

ஸ்பானியத்தில் வீட்டுப் பிள்ளை 'அஸ்கோ': நொவியாஸ்கோ (காதலர் உறவு), எழுத்தில் 'ஹால்லாஸ்கோ' என்றிருந்தாலும் முதல் ஹகரம் ஒலிக்காமல் 'அய்யாஸ்கோ' (கண்டுபிடிப்பு), மயொராஸ்கோ (மூத்த மகனின் சொத்துரிமை). இது செத்த விகுதி அல்ல. ஆங்கில 'லீடர்' ஸ்பானியத்துக்குள் போனதும் 'லிதெராஸ்கோ' என்று தலைமைக்குச் சொல் செய்துகொண்டார்கள். இரவல் வந்தது 'ஆஹே': வியாஹே, மென்ஸாஹே, லெங்குவாஹே. எழுத்தில் எப்போதும் ஜே; ஜி போட்டால் பிழை. படம் என்ற 'இமாஹென்' மட்டும் ஜி, ஏனென்றால் அது இந்தக் குடும்பமே அல்ல.

சுங்கத்தைப் பாருங்கள். கால் வைத்துக் கடக்கும் உரிமைக்கான கட்டணம் இடைக்கால லத்தீனில் 'பெதாத்திகும்', பாதம் என்ற சொல்லடியாக. பிரெஞ்சில் பெயாஜ், இத்தாலியத்தில் பெதாஜ்ஜோ, காத்தலானில் பெயாட்ஜ, ஸ்பானியத்தில் பெயாஹே. இன்றும் அந்த நாடுகளின் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பலகை இதுதான். வேறு பகுதியோடு ஸ்பானியத்தின் வீட்டு விகுதி சேர்ந்த 'போர்த்தாஸ்கோ' பழைய ஆவணங்களில் சுங்க வரியாக இருக்கிறது. போர்ச்சுகலில் சாவடிப் பலகை 'போர்த்தாஜெம்'. இந்தக் கடைசி இரண்டிலும் பகுதி ஒன்று, விகுதிகள் இரண்டு வழியில் வந்தவை.

இத்தாலியத்தில் வீட்டு வடிவம் 'ஆத்திகோ' லத்தீனை விட்டு அதிகம் விலகவில்லை. 'கொம்பானாத்திகோ' என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது. காட்டுத்தனம் என்பதற்கு ஸெல்வாத்திகோ, ஸெல்வாஜ்ஜோ என இரண்டு சொல்லும் உண்டு: முன்னது காட்டுச் செடி, காட்டு விலங்குக்கு, பின்னதில் முரட்டுத்தனம் ஏறியிருக்கிறது. ருமேனியத்தில் 'ஸல்பாத்திக்' என்று தகரமும் ககரமும் அப்படியே நிற்கின்றன. ஒரு சொல்லில் தகரமும் ககரமும் பிழைத்திருந்தால் அது வீட்டிலேயே இருந்தது அல்லது ஏட்டிலிருந்து எடுத்தது; ஜகரமாக இருந்தால் பிரான்சு வழியாக வந்தது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

பால் எங்கே மாறுகிறது

தவறு அதிகம் நடக்கும் இடம் இது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், காத்தலான் நான்கிலும் ஆண்பால். அங்கே தலைவலி இல்லை. இத்தாலியத்தில் 'ஆஜ்ஜோ' பன்மையில் 'ஆஜ்ஜி': வியாஜ்ஜோ, வியாஜ்ஜி. ஆனால் 'கராஜ்', 'கொலாஜ்' போன்ற புதிய பிரெஞ்சு இரவல்களுக்குப் பன்மை வடிவம் கிடையாது, அப்படியே நிற்கும். 'ஆஜ்ஜினெ' என்று முடியும் பெண்பால் சொற்களை (ஸ்துபிதாஜ்ஜினெ, முட்டாள்தனம்) இதோடு குழப்பக் கூடாது. அது வேறு லத்தீன் விகுதி.

போர்ச்சுகீசியம் மட்டும் தனி வழி. அங்கே 'ஆஜெம்', பெண்பால்: ஆ வியாஜெம், ஆ மென்ஸாஜெம், ஆ கொராஜெம், ஆ கராஜெம் (முன்னால் நிற்கும் 'ஆ' பெண்பாலைக் காட்டும் சுட்டுச்சொல்; ஆண்பாலுக்கு 'ஊ'). ஸ்பானியம் படித்துவிட்டுப் போர்ச்சுகீசியத்துக்குப் போகிறவர்கள் 'ஊ வியாஜெம்' என்று ஆண்பாலில் சொல்லி மாட்டிக்கொள்வது இங்கேதான். லத்தீன் 'இமாகினெம்' போர்ச்சுகீசியத்தில் 'இமாஜெம்' ஆனது. அது பிறப்பிலேயே பெண்பால். இரவலாக வந்த பயணமும் செய்தியும் அதே ஓசையில் முடிந்ததால் அந்தப் பக்கம் இழுபட்டன என்பது பொதுவான விளக்கம். பக்கத்திலிருக்கும் கலீசியத்திலும் பயணம் பெண்பால்தான். கதாபாத்திரம் என்ற 'பெர்ஸொனாஜெம்' இரண்டு பாலிலும் வழங்கும்.

போர்ச்சுகீசிய எழுத்துக்கூட்டலில் ஒரு கண்ணி: பயணம் என்ற பெயர்ச்சொல்லுக்கு ஜி. 'அவர்கள் பயணம் செய்யட்டும்' என்ற வினை வடிவத்துக்கு ஜே. ஒலிப்பில் இரண்டும் ஒன்று. அந்த நாட்டுக்காரர்களே தவறாக எழுதுவதுண்டு. பயணத்துக்கு முன்னால் 'ஆ' அல்லது 'ஊமா' போட்டுப் பார்க்க முடிந்தால் ஜி. பன்மையில் ஈறு 'ஆஜென்ஸ்' என்று மாறும்; மகர எழுத்து நகரமாகிறது.

ஜெர்மனில் எல்லாம் பெண்பால், சுட்டுச்சொல் 'டீ': டீ கராஜெ, டீ எட்டாஜெ, டீ மஸாஜெ. பிரெஞ்சில் ஒலிக்காத கடைசி ஈ எழுத்தை ஜெர்மானியர் 'எ' என்று ஒலித்தார்கள். அப்படி முடியும் பெயர்களில் பெரும்பாலானவை ஜெர்மனில் பெண்பால், எனவே இவையும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரியாவில் அந்தக் கடைசி 'எ' பெரும்பாலும் ஒலிக்காது; பால் மாறாது. பன்மைக்கு என் எழுத்தைச் சேர்த்தால் போதும். 'டஸ் இமிஜ்' என்று நடுப்பாலில் வரும் சொல் ஆங்கிலம் வழியாக வந்தது. பிறர் மனத்தில் இருக்கும் மதிப்பு என்ற பொருளில்.

டச்சில் பொதுவாக 'டெ', அதாவது ஆணும் பெண்ணும் ஒன்றான பொதுப்பாலின் சுட்டுச்சொல். ஆனால் பெர்சென்டாஜெ, வோல்டாஜெ இரண்டுக்கும் நடுப்பாலின் 'ஹெட்'. ஸ்வீடியத்தில் கராஜுக்கும் கசிவுக்கும் ('லேக்காஜ்') நடுப்பால், மசாஜுக்குப் பொதுப்பால். விதி என்று ஒன்றைச் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை, சொல்லோடு பாலையும் சேர்த்துப் படியுங்கள். நார்வேயில் எழுத்தையே தங்கள் ஒலிக்கேற்ப மாற்றிவிட்டார்கள்: 'கராஷெ', 'பகாஷெ'.

ருமேனியத்தில் எல்லாம் நடுப்பால், அதாவது ஒருமையில் ஆண்பால் போலவும் பன்மையில் பெண்பால் போலவும் நடக்கும்: மெஸாஜ், பன்மை மெஸாஜெ. ரஷ்யத்தில் எல்லாம் ஆண்பால். எந்த அளவுக்கு என்றால், பிரெஞ்சில் பெண்பாலான கடற்கரைகூட ரஷ்யத்துக்குள் போய் 'ப்ளியாஷ்' ஆனதும் ஆண்பாலாகிவிட்டது, மெய்யில் முடிகிறதே என்பதற்காக. போலந்துக்காரர்கள் அதற்கு ஓர் அகரம் சேர்த்து 'ப்ளாஜா' என்று பெண்பாலைக் காப்பாற்றினார்கள். கிரேக்கத்தில் கராஜும் மசாஜும் வேற்றுமை ஏற்காத நடுப்பால். கடற்கரை மட்டும் பெண்பால். துருக்கியத்தில் பாலே இல்லை, நிம்மதி.

ரஷ்யத்தில் கவனிக்க வேண்டியது அழுத்தம். 'கராஷ்', 'பகாஷ்' இரண்டும் வேற்றுமை உருபு ஏற்றால் அழுத்தம் கடைசிக்கு ஓடிவிடும். 'பெய்ஸாஷ்' (நிலக்காட்சி) அப்படி ஓடாது. சொல்லின் இறுதியில் ஷகரமாகக் கேட்கும் ஒலி, உருபு சேர்ந்ததும் மறுபடி அதிரத் தொடங்கும்.

பிரெஞ்சில் நீங்களே சொல் செய்ய

இன்றும் முழு வீச்சில் சொல் பெற்றுக்கொண்டிருப்பது பிரெஞ்சு விகுதி. காரைப் பகிர்ந்து போவதற்கு 'கொவ்வாத்யுராஜ்', மறுசுழற்சிக்கு 'ரெசிக்லாஜ்' எல்லாம் இதன் உற்பத்தி. செய்முறை: வினையின் நிகழ்கால 'நாம்' வடிவத்தை எடுங்கள். அதன் ஈற்றிலுள்ள ஓ-என்-எஸ் மூன்றெழுத்தையும் நீக்குங்கள். அந்த இடத்தில் ஏ-ஜி-ஈ. தரையிறங்கு என்ற 'அத்தெரீர்' வினையின் மூலத்தை மட்டும் பார்த்தால் தரையிறக்கத்தில் எங்கிருந்து இரட்டை எஸ் வந்தது என்று புரியாது. 'நூ அத்தெரிஸோன்' என்று எடுத்தால் 'அத்தெரிஸாஜ்' தானாக வரும். நிரப்பு, தூய்மைசெய் வினைகளுக்கும் அப்படியே.

இது சறுக்கும் இடங்கள் இரண்டு. 'கே' என்ற வல்லின ஒலிக்காக ஜி-யு என்று எழுதும் வினைகளில் பெயர்ச்சொல்லில் யு விழுந்துவிடும்: தூர்வாருதல் 'த்ரகாஜ்', வானிலிருந்து இறக்கிவிடுதல் 'லர்காஜ்'. அடுத்த அகரமே ஜி எழுத்தை ஜகரமாக்காமல் ககர ஒலியாக வைத்திருப்பதால் யு தேவையில்லை. க்யூ-யு உள்ள வினைகளில் ஒழுங்கே இல்லை: 'மர்காஜ்' (குறியிடுதல்) க்யூவோடு, 'ப்ளொகாஜ்' (தடைப்படுதல்) சி எழுத்தோடு. இதற்கு அகராதி ஒன்றே வழி. துளையிடுதல் என்ற 'பெர்ஸாஜ்' எழுதும்போது சி எழுத்தின் அடியில் வாலை விட்டுவிடாதீர்கள். விட்டால் அது 'பெர்காஜ்' என்று படிக்கப்படும்.

அடுத்த கேள்வி, ஆஜ் போடுவதா, 'மான்' போடுவதா என்பது. இரண்டும் வினையைப் பெயராக்குபவை. பொதுவாக, ஒருவர் ஒரு பொருளின் மீது செய்யும் தொழில், பட்டறை வேலை, எந்திர நடவடிக்கை என்றால் ஆஜ். தானாக நிகழ்வது, உடலிலோ மனத்திலோ ஏற்படும் நிலை என்றால் மான். டயருக்குக் காற்றடிப்பது 'கோன்ஃப்ளாஜ்'. கால் வீங்குவது 'கோன்ஃப்லெமான்'. கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பது 'ரஃபினாஜ்'. ரசனையின் நயம் 'ரஃபின்மான்'. விமானம் தரையை விட்டு எழுவது 'தெகொலாஜ்'; விழித்திரை பிரிந்துபோவது 'தெகொல்மான்'. கண் மருத்துவரிடம் போய் முன்னதைச் சொன்னால் விமானம் புறப்பட்டுவிடும். ஆனால் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது 'ப்லான்ஷிமான்', துணி வெளுப்பது 'ப்லான்ஷிஸாஜ்'. விதி ஓரளவுதான் ஓடும் என்பதற்கு இது சாட்சி. பணம் கொடு என்ற வினைக்கு 'பெமான்' நிலைத்துவிட்டது. அதை ஆஜ் ஆக்க முயல வேண்டாம்.

ஆங்கிலத்தில்: தமிழ்க் காது ஏற்கெனவே பிரித்துவிட்டது

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின் வந்த சொற்கள், பிரெஞ்சில் இன்னும் வல்லொலி இருந்த காலத்தவை. வில்லேஜ், மேரேஜ், மெசேஜ், டேமேஜ். ஆங்கிலம் அழுத்தத்தை முதல் அசைக்கு இழுத்துக்கொண்டதால் ஈறு 'இஜ்' என்று சுருங்கியது. மசாஜ், கராஜ், சபோடாஜ், கொலாஜ் பிந்தி வந்தவை. மெல்லொலியும் நீண்ட ஆகாரமும் அப்படியே. தமிழில் பழையவற்றை 'ஏஜ்' என்றும் புதியவற்றை 'ஆஜ்' என்றும் எழுதுகிறோமே, அது சில நூற்றாண்டு இடைவெளியை அறியாமலே பதிவு செய்கிறது. 'கேரேஜ்' என்று சொல்பவர்களும் தவறு செய்யவில்லை. பிரிட்டனில் அந்தச் சொல்லைப் பழைய அச்சிலேயே போட்டுச் சொல்பவர் பலர்.

ஆங்கிலம் விகுதியை வாங்கியதோடு நிற்காமல், ஜெர்மானிய வேர்களோடும் ஒட்டவைத்தது: லீக்கேஜ், பிரேக்கேஜ், ஷார்ட்டேஜ். இழுத்துத் தூக்கு என்ற 'லக்' வினையோடு, மூட்டைகளைக் குறிக்கும் பேக்கேஜ் போன்றவற்றின் சாயலில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது லக்கேஜ்.

பொருளைப் பிடிக்க, ஒட்டியிருக்கும் பகுதி என்ன வகை என்று பாருங்கள். அளவைப் பெயரோடு வந்தால் மொத்த அளவு: மைலேஜ், வோல்டேஜ், டன்னேஜ், ஃபுட்டேஜ். நபரின் பெயரோடு வந்தால் இடம் அல்லது நிலை: ஆர்ஃபனேஜ், பீரேஜ். வினையோடு வந்தால் செயலும் அதன் விளைவும். தமிழில் 'கூலி' என்று முடிக்கும் இடத்தில் ஆங்கிலம் இதைப் போடும்: கார்ட்டேஜ் வண்டிக்கூலி, போர்ட்டரேஜ் சுமைகூலி. ரயில்வே சரக்கு அலுவலகத்தில் டெமரேஜ், வார்ஃபேஜ் என இரண்டு கேட்பார்கள். வேகனை நேரத்தில் காலி செய்யாவிட்டால் முன்னது. இறக்கிய சரக்கை ரயில்வே இடத்திலிருந்து அகற்றாவிட்டால் பின்னது. இரண்டும் 'ஆத்திகும்' காலத்து வரிப் பொருளின் நேர் வாரிசு. நகைக்கடை ரசீதில் சேதாரத்துக்கு எதிரே நிற்கும் வேஸ்டேஜ் செயல், விளைவு வகை. நடைமுறையில் அதுவும் கட்டணமாகவே மாறிவிட்டது.

எண்ணிக்கையில்தான் நம்மவர்கள் இடறுவது. லக்கேஜ், பேக்கேஜ் (மூட்டைகள்), ஃபுட்டேஜ், சூவேஜ் ஆகியவை தொகுப்புப் பெயர்கள். எஸ் சேர்க்கக் கூடாது. இரண்டு பெட்டி என்றால் 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்'. வில்லேஜ், மெசேஜ், பார்சலைக் குறிக்கும் பேக்கேஜ், பேண்டேஜ் தனிப்பொருள்கள்; தாராளமாக எண்ணலாம். டேமேஜ் பன்மை ஏற்றால் பொருளே மாறும்: ஒருமையில் சேதம், பன்மையில் நீதிமன்றம் வழங்கும் நஷ்டஈடு. வழக்குக் கடிதத்தில் அந்த ஓர் எழுத்துக்கு விலை உண்டு. மைலேஜை இங்கே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம். ஸ்பானியர் 'கிலோமெத்ராஹே' என்று அளவையை மாற்றிக்கொண்டார்கள். நாம் மைலைக் கைவிட்ட பிறகும் பெயரை விடவில்லை.

பிரான்சுக்கே தெரியாத பிரெஞ்சு

டச்சுக்காரர்களின் லெக்காஜெ (கசிவு), ஸ்லைத்தாஜெ (தேய்மானம்) இரண்டிலும் பகுதி சொந்தம், விகுதி மட்டும் பிரெஞ்சு. ஜெர்மனில் கப்பல் கயிற்றுத் தொகுதிக்கு 'டாகெலாஜெ' இப்படிச் செய்ததுதான். அவமானப்படுவதற்கு ஜெர்மனில் 'பிளமாஜெ'; கேட்டால் அசல் பாரிஸ் சரக்கு போல இருக்கும். ஜெர்மானியர் செய்தது. அங்கிருந்து டச்சு, போலிஷ், செக், ஹங்கேரியன் வரை போய்விட்டது. பாரிஸில் சொன்னால் புரிந்துகொள்ள முயல்வார்கள், அவ்வளவுதான். ரஷ்யர்கள் ஒருபடி மேலே போய், மேலதிகாரிக்குக் காக்கா பிடிப்பவனைக் குறிக்கும் தங்கள் 'பத்ஹலீம்' என்ற சொல்லோடு இதை ஒட்டி 'பத்ஹலிமாஷ்' செய்தார்கள். கேலிக்காகவே பிரெஞ்சு வால்.

எனவே ஒரு மொழியில் பார்த்த ஆஜ் சொல்லை அடுத்த மொழிக்கு அப்படியே தூக்கிப் போகும் முன் பொருளைச் சரிபாருங்கள். ஸ்பானியர் பேச்சில் 'கொராஹே' பெரும்பாலும் ஆத்திரம். போர்ச்சுகீசிய 'கொராஜெம்' துணிவு. ஜெர்மனில் ஒரு குடும்பத்தை 'பகாஜெ' என்றால் மூட்டைமுடிச்சு இல்லை, உருப்படாத கூட்டம் என்ற வசை. ஸ்பானிய 'எகிபாஹே' பயணப் பெட்டிகள். ரஷ்ய 'எகிபாஷ்' விமானப் பணிக்குழு.

நில் என்ற லத்தீன் வினையடியாகப் பிறந்த குடும்பம் இதில் மோசமானது. ஆங்கிலத்தில் ஸ்டேஜ் மேடை. பிரெஞ்சு, டச்சு, துருக்கியத்தில் அதே சொல் வேலைப் பயிற்சிக் காலம். ரஷ்யத்தில் 'ஸ்தாஷ்' என்பது பணியில் கழித்த மொத்த ஆண்டுகள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் பயிற்சி விவரம் எழுதினால் தவறு. அதன் உடன்பிறப்பு 'எத்தாஜ்', மாடி. பிரெஞ்சில் முதல் எத்தாஜ் என்றால் நம் ஊர்க் கணக்குப்படி தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. ரஷ்யத்தில் முதல் 'எத்தாஷ்' தரைத்தளமே. பாரிஸ் நண்பர் மூன்றாவது என்றால் மூன்று மாடி ஏறுங்கள். மாஸ்கோ நண்பர் மூன்றாவது என்றால் இரண்டு.